மயக்க மருந்துக்கு முன்னால் பேசவேண்டியவை: கடைசி நாட்களில் தணிப்பு மயக்கம் பற்றி நோயாளியிடமும் குடும்பத்திடமும் பேசும் முறை

நோய் முற்றி, இனிக் குணமாக்க வழியில்லை என்றாகிவிட்ட ஒருவருக்கு மூச்சுத்திணறலோ வலியோ பிதற்றலோ எந்த மருந்துக்கும் அடங்காமல் போவதுண்டு. அப்போது அவருடைய நினைவைத் தேவையான அளவுக்கு மட்டும் மங்கச் செய்து, வேதனை தெரியாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சைக்குத் தணிப்பு மயக்கம் என்று பெயர். மருத்துவமனைகளில் பேலியேட்டிவ் செடேஷன் என்பார்கள். மருந்து கொடுப்பது ஓரளவு எளிது. மிடசோலம் என்ற தூக்க மருந்தும், தோலுக்கடியில் செருகும் சிறிய ஊசியும், அனுபவமுள்ள மருத்துவரும், அருகிலிருந்து கவனிக்கும் செவிலியரும் இருந்தால் தொடங்கிவிடலாம். அதற்கு முன்னால் நடக்கவேண்டிய பேச்சுதான் பல இடங்களில் நடப்பதில்லை. நடந்தாலும் விடியற்காலை மூன்று மணிக்கு, வார்டு வராந்தாவில் நின்றபடி, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மகன், "நான்தான் அப்பாவை அனுப்பிவிட்டேனோ" என்று வருடக்கணக்கில் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருப்பான்.

குணமாக்க முடியாத நோயின் வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்புப் பணியில் இருக்கும் மருத்துவர், செவிலியர், வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். குடும்பத்தினர் படித்தாலும் நல்லதே. மருத்துவரிடம் எதைக் கேட்கவேண்டும் என்பது தெரியவரும். மயக்கத்துக்கு முன் நோயாளி விழித்திருக்கப்போகும் மிச்ச நேரம் அவருக்குச் சொந்தமானது. அது மருந்துச் சீட்டிலும் சொந்தக்காரர்களின் விவாதத்திலும் கரைந்துபோகாமல் அவர் கைக்கே போய்ச் சேரவேண்டும். இந்தப் பேச்சின் முதல் வேலை அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பேச்சு எப்படிப் போகும் என்று காட்டுவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஈரோட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர், வயது 62. நுரையீரல் புற்று இரண்டு பக்கமும் பரவிவிட்டது. கூடவே மனைவியும் மகளும். மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். வீட்டில் எந்த முடிவுக்கும் கூப்பிடப்படும் பெரியப்பா ஒருவர் இருக்கிறார்.

படி 1: முதலில் நீங்கள் தெளிவாகுங்கள்

வேதனை உண்மையிலேயே அடங்காத வேதனைதானா? செர்னி, போர்ட்டினாய் என்ற இரு மருத்துவர்கள் 1994-இல் வகுத்த மூன்று கேள்விகள் இன்றும் உதவும். வேறு சிகிச்சை எதுவும் பலன் தராதா? பலன் தந்தாலும் அதன் பக்கவிளைவு தாங்கமுடியாததா? நோயாளி தாங்கக்கூடிய நேரத்துக்குள் அது பலன் தர வாய்ப்பில்லையா? மூன்றில் ஒன்றுக்காவது உறுதியாக "ஆம்" என்று சொல்ல முடிந்தால்தான் அடுத்த படிக்குப் போகவேண்டும்.

இந்த இடத்தில் அவசரப்படுவது பெரிய தீங்கு. படுக்கையை விட்டு எழுந்து ஓடப் பார்க்கிறார், துணியைக் கிழிக்கிறார் என்று கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் சிறுநீர் அடைத்து அடிவயிறு கல்லாக இருக்கிறது. ஒரு குழாய் போட்டதும் அமைதியாகிவிடுகிறார். மலக்கட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, சிறுநீரகம் தளர்ந்ததால் உடம்பில் தேங்கிய மார்ஃபின் என்ற வலி மருந்து, காய்ச்சல் எல்லாமே பிதற்றலைக் கிளப்பிவிடக்கூடியவை. இவற்றையெல்லாம் பார்த்தாகிவிட்டதா என்பதை எழுதி வையுங்கள். முடிந்தால் நோய்த்தணிப்பில் அனுபவமுள்ள இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டாலும் போதும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தியாவில் மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கும் சட்டத்திருத்தம் 2014-இல் வந்தது. ஆனாலும் மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் மார்ஃபின் மாத்திரையையே பார்த்திராத புற்றுநோயாளிகள் ஏராளம். மார்ஃபின் கொடுக்காமல் விட்ட வலியை "அடங்காத வலி" என்று எழுதுவது நியாயமில்லை. அவருக்கு முதலில் சேரவேண்டியது சரியான வலி மருந்து.

ஐரோப்பிய நோய்த்தணிப்புச் சங்கம் 2009-இல் வெளியிட்ட வழிமுறை, ஆழ்ந்த மயக்கத்தைத் தொடர்ந்து கொடுப்பது என்றால் சில மணி நேரமோ சில நாட்களோ மட்டுமே மிஞ்சியிருக்கும் நிலையில்தான் யோசிக்கவேண்டும் என்கிறது. அதே சங்கம் 2024-இல் அந்த வழிமுறையைத் திருத்தி வெளியிட்டபோதும் வேதனைக்கு ஏற்ற அளவு மயக்கம் என்ற அடிப்படையைத்தான் வலியுறுத்தியது. ஆகவே லேசான மயக்கத்தில் தொடங்குவது, இரவில் மட்டும் தூங்கவைத்துக் காலையில் விழிக்கவிடுவது, ஓரிரு நாள் ஓய்வுக்காகக் கொடுத்துப் பிறகு குறைப்பது என்று பல வழிகள் இருக்கின்றன. குடும்பத்தோடு பேச உட்காரும்முன் இவற்றில் எதைச் சொல்லப்போகிறோம் என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்கவேண்டும்.

படி 2: குழு ஒரே குரலில் பேசட்டும்

மருத்துவர் "இன்னும் இரண்டு மூன்று நாள்" என்கிறார். இரவுச் செவிலியர் "ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள்" என்கிறார். இளம் மருத்துவர் இன்னொரு ஸ்கேன் எழுதிவைக்கிறார். இதற்குப் பிறகு அந்தக் குடும்பம் யாரை நம்பும்? பேச்சுக்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் கூடி, யார் பேசுவது, என்ன சொல்வது என்று முடிவுசெய்யுங்கள். நோயாளியை அதிகம் கவனித்துக்கொள்ளும் செவிலியர் அந்தப் பேச்சில் கட்டாயம் இருக்கட்டும். மருத்துவர் போனபிறகு குடும்பம் மறுபடி கேட்கப்போவது அவரிடம்தான்.

தனி அறை இல்லாத அரசு வார்டிலும் இதைச் செய்யலாம். ஒரு திரை, நான்கு நாற்காலி, அமைதியாக்கிய கைப்பேசி போதும். எல்லோரும் உட்காரவேண்டும். நோயாளியின் மனைவியைக் கால்மாட்டில் நிற்கவைத்துவிட்டு ஆண்களிடம் மட்டும் பேசும் வழக்கத்தை இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 3: குடும்பத்தில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முடிவு சொல்பவர் ஒருவர், பராமரிப்பவர் இன்னொருவர் என்றிருப்பது நம் வீடுகளில் சாதாரணம். கையெழுத்துப் போடப்போவது பெரியப்பா. ஆனால் ராத்திரி முழுக்க முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மகள். எத்தனை மணிக்குத் திணறல் கூடுகிறது, எப்படிச் சாய்த்து வைத்தால் குறைகிறது, நேற்று என்ன முனகினார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். முதல் கேள்வியை அவரிடம் கேளுங்கள்: "நேற்று ராத்திரி எப்படி இருந்தார், அம்மா?" கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவரை முதல் பேச்சிலேயே வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருப்பவருக்குக் குற்றவுணர்வு அதிகம். அது பல நேரம் கோபமாகத்தான் வெளிப்படும். "நான் வருவதற்குள் ஏன் மயக்கம் கொடுத்தீர்கள்?" என்று விமானத்திலிருந்து இறங்கி வந்து கேட்கும் மகனிடம் பிறகு எதைச் சொன்னாலும் எடுபடாது.

படி 4: நோயாளியிடம் கேளுங்கள், அதுவும் முன்கூட்டியே

இந்தப் பேச்சுக்கு ஏற்ற நேரம், வேதனை இன்னும் கைமீறாத ஒரு பகல். நெருக்கடி வந்தபிறகு நோயாளியால் யோசிக்க முடியாது. பிதற்றல் தொடங்கிவிட்டால் பேசவே முடியாது. நுரையீரல் புற்று, தொண்டைப் புற்று, இறுதிக்கட்ட இதயச் செயலிழப்பு போன்றவற்றில் எது வரக்கூடும் என்பது நமக்கு வாரக்கணக்கில் முன்பே தெரியும். தெரிந்தும் பேசாமல் தள்ளிப்போடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

வாசலிலேயே மகள் மறிப்பார்: "டாக்டர், அப்பாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். தாங்கமாட்டார்." இதற்கு "சட்டப்படி சொல்லியாகவேண்டும்" என்று பதில் சொன்னால் கதவு மூடிக்கொள்ளும். அந்த மறிப்புக்குப் பின்னால் இருப்பது அன்பு. அதை ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடருங்கள்: "அவர் மனம் நோகக்கூடாது என்று நினைக்கிறீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான். நானாக எதையும் போட்டு உடைக்கமாட்டேன். அவருக்கு என்ன தெரிந்திருக்கிறது, என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று மட்டும் கேட்கிறேன். நீங்களும் பக்கத்திலேயே இருங்கள்." பெரும்பாலான குடும்பங்கள் இதற்குச் சம்மதிக்கும். நோயாளிக்குப் பெரும்பாலும் எல்லாம் தெரிந்தே இருக்கும்; மகள் தாங்கமாட்டாள் என்று அவரும் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்.

பிறகு நோயாளியிடம் வாருங்கள். தலைமாட்டில், அவர் கண்ணுக்கு நேராக உட்காருங்கள். கேட்பது, சொல்வது, மறுபடி கேட்பது என்ற வரிசையில் போங்கள்.

"ஐயா, இந்த மூச்சுத்திணறலைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?"

"பேசுங்கள், டாக்டர்."

"இனி எப்படிப் போகும் என்று யோசித்தீர்களா?"

"யோசிக்காமல் என்ன. பகலில் சமாளித்துவிடுகிறேன். ராத்திரிதான் பயம். தண்ணீருக்குள் பிடித்து அமுக்கின மாதிரி இருக்கிறது."

இங்கே நிறுத்துங்கள். ஆறுதல் சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லாதீர்கள். அந்தப் பயத்தைச் சொல்ல அவருக்கு இப்போதுதான் ஓர் ஆள் கிடைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து:

"அந்தத் திணறலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். இன்னும் கூட்டிப் பார்ப்போம். ஒருவேளை அதற்கும் அடங்கவில்லை என்றால், திணறல் தெரியாத அளவுக்கு உங்களை அரைத்தூக்கத்திலோ முழுத்தூக்கத்திலோ வைத்துக்கொள்ள முடியும். அப்படி ஒரு நிலை வந்தால் உங்கள் விருப்பம் என்ன என்று இப்போதே தெரிந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்."

ஒருவர் "திணறாமல் போனால் போதும், டாக்டர்" என்பார். இன்னொருவர் "கொஞ்சம் கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை, பையன் வரும்வரை எனக்கு நினைவு இருக்கவேண்டும்" என்பார். கடைசி மூச்சுவரை கலிமா சொல்லும் நினைவோடு இருக்கவேண்டும் என்பவர்கள் உண்டு. நினைவு தப்பாமல் இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டே போகவேண்டும் என்பவர்களும் உண்டு. எல்லாமே சரியான பதில்தான். சொன்னதை அவர் வார்த்தையிலேயே நோயாளிக் குறிப்பேட்டில் எழுதி, தேதி போடுங்கள். பின்னால் குடும்பத்தில் கருத்து வேறுபாடு வந்தால் அந்த வரிதான் துணை.

உயிர் நீட்டிக்கும் சிகிச்சை பற்றிய முன்கூட்டிய விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும். வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதும்போதே, வேதனை அடங்காவிட்டால் தணிப்பு மயக்கத்துக்குச் சம்மதம் என்பதையும் சேர்த்து எழுதிவைக்கலாம்.

படி 5: சிகிச்சையை விளக்குங்கள், சின்னச் சின்ன வாக்கியங்களில்

நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மார்ஃபின் கூட்டியாயிற்று, ஆக்சிஜனும் விசிறியும் பார்த்தாயிற்று, பதற்றத்துக்கு மருந்தும் கொடுத்தாயிற்று. அவருக்குத் திணறல் நிற்கவில்லை. அவரும் குடும்பமும் இருக்கும்போது இப்படிச் சொல்லலாம்:

"நோய் கடைசிக்கட்டத்துக்கு வந்துவிட்டது. இனி நாட்கணக்குதான் என்று நினைக்கிறோம். திணறலை நிறுத்த எங்களிடம் இருந்த மருந்துகளையெல்லாம் பார்த்துவிட்டோம். இப்போது செய்யக்கூடியது, திணறல் தெரியாத அளவுக்குத் தூக்க மருந்து கொடுப்பது. குறைந்த அளவில் தொடங்குவோம். முகம் தெளிந்து அமைதியாகும் அளவில் நிறுத்திக்கொள்வோம். அப்போது அவரால் முன்போலப் பேசவோ சாப்பிடவோ முடியாமல் போகலாம். நோய் தன் போக்கில்தான் போகும். இந்த மருந்து அதை வேகப்படுத்தவும் செய்யாது, தடுக்கவும் செய்யாது. நாங்கள் தினமும் வந்து பார்ப்போம்."

சொல்லிவிட்டு, "நான் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். "கோமாவில் வைக்கப்போகிறீர்கள்" என்று மனைவி சொன்னால் அங்கிருந்து மறுபடி தொடங்கவேண்டும்.

சில சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். "ஒரு ஊசி போட்டால் அமைதியாகிவிடுவார்" என்றால் ஒரே ஊசியில் முடித்துவிடுவதாகத்தான் காதில் விழும். "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்பது பொய்யும்கூட. செய்யப்போகும் ஒன்றைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்.

மருந்தின் விவரத்தையும் கேட்பவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். மிடசோலம் பெரும்பாலும் மணிக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் என்ற அளவில் தோலுக்கடியிலோ ரத்தநாளத்திலோ தொடங்கப்படுகிறது. வேதனை எந்த அளவில் அடங்குகிறதோ அதுவரைதான் கூட்டுகிறோம். மார்ஃபினை நிறுத்துவதில்லை, வலிக்கும் திணறலுக்கும் அது தொடரும். மார்ஃபினை மட்டுமே ஏற்றிக்கொண்டே போய் மயக்கத்தைக் கொண்டுவருவது தவறான முறை. அதனால் குழப்பமும் தசைத் துடிப்பும் வரும், மூச்சும் மந்தப்படும்.

படி 6: கேட்கப்போகும் கேள்விகளுக்கு ஆயத்தமாக இருங்கள்

"இது கருணைக் கொலைதானே, டாக்டர்?" இந்தக் கேள்வியை யாராவது வாய்விட்டுக் கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் நீங்களே எடுத்துப்போடுங்கள்: "சிலர் இப்படிப் பயப்படுவார்கள். உங்களுக்கும் அந்த எண்ணம் வந்திருக்கலாம்." பதில் நேராக இருக்கட்டும். கருணைக் கொலையில் உயிர் போகவேண்டும் என்பதே நோக்கம். உயிர் போகும் அளவுக்கு மருந்து. உயிர் போனால் நினைத்தது நடந்துவிட்டது. தணிப்பு மயக்கத்தின் நோக்கம் வேதனையை அடக்குவது. வேதனை அடங்கும் அளவோடு மருந்து நிற்கிறது. நெற்றிச் சுருக்கம் மறைந்து மூச்சு சீரானால் நினைத்தது நடந்துவிட்டது. மருந்து கொடுத்து உயிரைப் போக்குவது இந்தியச் சட்டப்படி குற்றம். 2018 தீர்ப்பு ஏற்றுக்கொண்டது, பலனற்ற உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதையும் நிறுத்துவதையும் மட்டும்தான்.

ஆயுள் குறையுமா என்று கேட்பார்கள். இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. அதில் தணிப்பு மயக்கம் பெற்றவர்கள் இடைநிலைக் கணக்கில் 12 நாளும், பெறாதவர்கள் 9 நாளும் இருந்தார்கள். ஜப்பானில் 2016-இல் வெளியான பெரிய ஆய்வில் முறையே 27 நாள், 26 நாள். முறையாகக் கொடுத்தால் இது மரணத்தை விரைவுபடுத்துவதாக இந்த ஆய்வுகள் காட்டவில்லை. இந்த எண்களை எல்லோரிடமும் ஒப்பிக்கத் தேவையில்லை. படித்த மகன் கேட்டால் சொல்லுங்கள், மனைவிக்கு "இந்த மருந்தால் அவர் போகமாட்டார், அவரைக் கொண்டுபோவது நோய்" என்ற ஒரு வரி போதும்.

அடுத்தது சாப்பாடு. நம் வீடுகளில் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி இதுதான். "பட்டினி போட்டு அனுப்பச் சொல்கிறீர்களா?" என்று கேட்கும் அம்மாவுக்கு விளக்கம் உடனே எட்டாது. ஒருவருக்குச் சோறு ஊட்டுவதுதான் நாற்பது வருடமாக அவர் அன்பைக் காட்டிய வழி. அதை ஒரே வார்த்தையில் பிடுங்காதீர்கள். கடைசி நாட்களில் உடம்பு உணவைக் கேட்பதில்லை என்பதையும், மயக்கத்தில் ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்பதையும் மெதுவாகச் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதா வேண்டாமா என்பது தணிப்பு மயக்கத்திலிருந்து வேறான முடிவு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள். ஏற்றினால் சளி கூடுவதும் கால் வீங்குவதும் உண்டு. ஓரளவு ஏற்றிப் பார்த்து, அதனால் தொல்லை என்றால் நிறுத்தலாம் என்றும் ஒப்புக்கொள்ளலாம்.

அதோடு, ஊட்டும் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, உதட்டையும் நாக்கையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். உதடு வெடிக்காமல் வெண்ணெயோ வாசலினோ தடவட்டும். அவருக்குப் பிடித்தது காபி என்றால், பஞ்சில் காபி தொட்டு உதட்டில் ஒற்றட்டும். பால் ஊற்றும் சடங்கும் கங்கைத் தீர்த்தமும் இப்படியே நடக்கலாம். ஸ்பூனால் ஊற்றாமல் உதட்டை நனைத்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

"நாங்கள் பேசுவது கேட்குமா?" கேட்கிறது என்றே வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். அவர் படுக்கைக்கு அருகில் காரியச் செலவைப் பற்றிப் பேசவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எழுப்ப முடியுமா?" மருந்தைக் குறைத்தால் விழிக்க வாய்ப்பு உண்டு. நோய் அதற்குள் முற்றியிருந்தால் தெளிவு திரும்பாமலும் போகலாம் என்று உண்மையைச் சொல்லுங்கள். "எத்தனை நாள்?" மணி சொல்லாதீர்கள், "மணிக்கணக்கா, நாட்கணக்கா" என்ற அளவோடு நிறுத்துங்கள்.

"வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடட்டுமா?" சொந்த வீட்டுத் திண்ணையில் உயிர் பிரியவேண்டும் என்பது பலரின் ஆசை. வீட்டிலும் இந்தச் சிகிச்சை முடியும். ஆனால் இரவில் கூப்பிட்டால் எடுக்கும் மருத்துவரும், தினமும் வந்து பார்க்கும் செவிலியரும் இருந்தால்தான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் சேர்ந்திருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் அந்தச் செவிலியர் யார், இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதை விசாரித்து வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். ஏற்பாடு இல்லாமல் அனுப்பினால் நள்ளிரவில் ஆம்புலன்ஸில் திரும்பி வருவார்கள்.

படி 7: விழித்திருக்கும் நேரத்தை அவரிடம் கொடுங்கள்

சம்மதம் கிடைத்ததும் ஊசியை எடுக்கத் தோன்றும். நோயாளி உடனடி நெருக்கடியில் இல்லையென்றால் பொறுங்கள். "மருந்து தொடங்குவதற்கு முன்னால் யாரைப் பார்க்கவேண்டும், யாரிடம் என்ன சொல்லவேண்டும் என்று இருக்கிறதா, ஐயா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றாலும் தப்பில்லை.

நம் தறிக்காரர் என்ன கேட்பார்? மகனைப் பார்க்கவேண்டும் என்பார். அவன் நாளை மதியம்தான் கோயம்புத்தூரில் இறங்குகிறான். இன்றிரவு மட்டும் தூங்கவைத்து, காலையில் மருந்தைக் குறைத்துப் பார்க்கலாம். தெளிவு திரும்பும் என்று உறுதி தரமுடியாது. அதையும் சொல்லி, தூங்குவதற்கு முன் மகனோடு வீடியோவில் பேசவைத்துவிடுங்கள். அவர் பேச்சில் இடையிடையே மூச்சு வாங்கும். மகள் எடுத்துக்கொடுக்கப் பார்ப்பார். அவரே சொல்லட்டும் என்று கையமர்த்துங்கள். அவர் கேட்பது பெரும்பாலும் எளிய விஷயமாகவே இருக்கும்: தறிப் பட்டறைக்கு இன்னும் தரவேண்டிய கடன் யாரிடம் எவ்வளவு, தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனதை முடித்துவைப்பது, மனைவியிடம் ஒரு வார்த்தை. கடன் கணக்கைச் சொல்லிமுடித்த பிறகுதான் சிலருக்கு மூச்சே இறங்கும்.

சமயச் சடங்குகளையும் இப்போதே கேளுங்கள். கத்தோலிக்கருக்கு ஒப்புரவும் நற்கருணையும் நினைவோடு இருக்கும்போதுதான் முடியும். பங்குத்தந்தையை முதலில் கூப்பிட்டுவிட்டுப் பிறகு மருந்தைத் தொடங்குங்கள். முஸ்லிம் வீட்டில் யாசீன் ஓத யாரை அழைப்பது என்று கேளுங்கள். திருவாசகம் கேட்கவேண்டும் என்பவருக்குக் கைப்பேசியில் போட்டுக் காதருகே வைக்கலாம். பேரப்பிள்ளைகளை ஒதுக்கிவைக்கவேண்டாம். "தாத்தாவுக்கு மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறது. அது தெரியாமல் இருக்க டாக்டர் மருந்து கொடுக்கப்போகிறார். நோய் பெரிதாகிவிட்டதால் தாத்தா இறந்துபோகப் போகிறார். அதற்கு முன்னால் அவர் கையைப் பிடித்துப் பேசலாம்" என்று நேராகச் சொல்லுங்கள். தூங்குகிறார் என்று மட்டும் சொல்லிவிட்டால் பிள்ளைகள் பிறகு தூங்கவே பயப்படும்.

படி 8: கருத்து மோதும்போது

பெரியப்பா எதிர்க்கிறார், மகள் சம்மதிக்கிறாள் என்றால் கையெண்ணிக்கை எடுக்காதீர்கள். "நமக்கு எது சரி என்பதைக் கொஞ்சம் தள்ளிவைப்போம். அவர் இப்போது பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேளுங்கள். குறிப்பேட்டில் எழுதிவைத்த வரியைப் படித்துக் காட்டுங்கள். எதிர்ப்பவருக்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்லிவிடுவார்.

நேர்மாறான நிலையும் வரும். நோயாளி அமைதியாகத்தான் இருக்கிறார். தொண்டையில் கொரகொரவென்று சத்தம் மட்டும். "எங்களால் பார்க்க முடியவில்லை, தூங்கவைத்துவிடுங்கள்" என்று குடும்பம் கேட்கிறது. அந்தச் சத்தம் விழுங்க முடியாமல் தேங்கிய எச்சிலால் வருவது. நினைவு மங்கிய நிலையில் அது அவரை வருத்துவதில்லை என்றே கருதுகிறோம். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். வேதனை இங்கே பார்ப்பவர்களிடம் இருக்கிறது. கவனிப்பும் அவர்களுக்குத்தான் வேண்டும். அவர்களுக்காக நோயாளிக்கு மயக்கம் கொடுக்கக்கூடாது.

உடம்பில் பெரிய வேதனை இல்லாமல், "போதும், ஒரு ஊசி போட்டு முடித்துவிடுங்கள்" என்று நோயாளியே கேட்டால், அங்கேயும் நிதானம் வேண்டும். "முடியாது" என்று வெட்டிவிடாமல், "எது உங்களுக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன் என்பதுதான் பதிலாக வந்தால், அதற்கு மருந்து பிள்ளைகளின் வாயில் இருக்கிறது. மனச்சோர்வா என்று மனநல மருத்துவரைக் கொண்டு பாருங்கள். எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் ஓரிரு நாள் ஓய்வு மயக்கம் கொடுத்து, விழித்தபின் மறுபடி பேசலாம். இப்படிப்பட்ட மனவேதனைக்குத் தொடர்ந்த ஆழ்ந்த மயக்கம் மிக அரிதான முடிவு. ஒருவர் தனியாக எடுக்கக்கூடாது.

படி 9: பேச நேரமே இல்லாத நெருக்கடி

கழுத்துப் புற்று பெரிய ரத்தக்குழாயை அரித்துவிட்டால் ரத்தம் பீறிட்டுச் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அப்போது சம்மதம் கேட்க முடியாது. ஆகவே வாய்ப்பு இருப்பவர்களின் வீட்டில் மனஉறுதியுள்ள ஒருவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். கருநிறப் போர்வையும் துண்டுகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெள்ளைத் துணியில் ரத்தம் பார்ப்பவரைக் குலைத்துவிடும். நெருக்கடி மருந்து எங்கே இருக்கிறது, யார் கொடுப்பது என்பதும் எழுதப்பட்டிருக்கவேண்டும். மருந்து கைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்வதே முதல் வேலை என்று அவரிடம் சொல்லுங்கள்.

படி 10: தொடங்கிய பிறகும் பேச்சு தொடரட்டும்

முதல் சில மணி நேரம் அடிக்கடி போய்ப் பாருங்கள்; பிறகு நாளுக்கு இரண்டு முறையாவது. எதைக் கவனிக்கிறீர்கள் என்று குடும்பத்துக்கும் காட்டிக்கொடுங்கள்: நெற்றி சுருங்குகிறதா, முனகுகிறாரா, கை எதையாவது தேடுகிறதா. செவிலியர் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் முன், "ஐயா, திருப்பிப் படுக்கவைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடட்டும். அதைப் பார்க்கும் மகள் தானும் அப்பாவிடம் பேசத் தொடங்குவாள். மருந்தை ஒவ்வொரு முறை கூட்டும்போதும் காரணத்தைச் சொல்லி, குறிப்பேட்டில் எழுதுங்கள். "அமைதியாக இருக்கிறாரே, இன்னும் எதற்கு மருந்து?" என்று மூன்றாம் நாள் கேட்பார்கள், குறைத்தால் திணறல் திரும்பும் வாய்ப்பைப் பொறுமையாக மறுபடி விளக்குங்கள். மனம் மாறினால் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டோம் என்பதையும் தெரியப்படுத்துங்கள்.

இறந்தபின் ஒரு தொலைபேசி அழைப்பு மிச்சம் இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு கூப்பிடுங்கள். "அந்த மருந்தால்தான் போய்விட்டாரோ?" என்ற கேள்வி அப்போதுதான் வெளியே வரும். மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள்: மருந்து எந்த அளவில் இருந்தது, கடைசி இரவு மூச்சு எப்படி இருந்தது, அவரே முன்பு என்ன கேட்டிருந்தார் என்று. கேட்பவர் மனைவியாக இருந்தால், அவர் உதடு துடைத்தது, கால் பிடித்துவிட்டது எல்லாம் நோயாளிக்கு எவ்வளவு உதவியது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அதே வாரத்தில் உங்கள் செவிலியர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள். நள்ளிரவில் மருந்தை ஏற்றியது அவர்கள் கை. குடும்பத்துக்கு வந்த அதே சந்தேகம் அவர்களில் ஒருவருக்கும் வந்திருக்கும்.